அப்பா கொடுக்கச் சொன்ன கண்கள்

அப்பாவின் கண்களைக் கொடுக்க விடாமல் செய்தது நான். அம்மா இல்லை, சொந்தக்காரர் இல்லை, ஊர்ச் சனம் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுதலாம் என்று விட்டால், அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் எனக்குச் சாதகமாக நாலு காரணம் கண்டுபிடித்துவிடுவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். காரணம் சொல்லத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தார். கப்பல் தள்ளி நிற்கும். மாவும் சீனியும் மூட்டை மூட்டையாக வத்தை என்கிற தட்டைப் படகில் இறங்கிக் கரைக்கு வரும். அந்த மூட்டைகளை முதுகில் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். அவருக்கு ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் கண் அப்படி ஒரு கண். மூதூரிலிருந்து வரும் லாஞ்சி வெறும் புள்ளியாகத் தெரியும்போதே அதன் முன்நுனியில், அணியத்தில், நிற்பது ஆர் என்று சொல்லுவார். கூட வேலை செய்தவர்கள் தேநீருக்குப் பந்தயம் பிடித்துத் தோற்றுப் போவார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளருக்குத் துண்டுச் சீட்டு எழுதும் வேலையில் இருந்தேன். வேலை கிடைத்த நாளிலிருந்து எங்கள் வரிசையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் நான்தான் எழுத்துக்காரி. பங்கீட்டு அரிசிக்கான கூப்பன் புத்தகம், பிறப்புப் பதிவு, தொலைந்த அடையாள அட்டைக்கு விண்ணப்பம், எதுவானாலும் பின்னேரம் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். நான் நிரப்புவேன். அவர்கள் பெருவிரலை வைப்பார்கள். அதற்கென்றே ஊதா மை ஒற்றும் தகரப் பெட்டி ஒன்று சொந்தமாக வாங்கி வைத்திருந்தேன். அந்தப் பெட்டியைத் திறக்கும்போது எனக்கு ஒரு மிடுக்கு வரும். அதை மறைக்கவும் மாட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா கிளிவெட்டியிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர். சின்ன வயதில் வந்த அம்மையில் இடக்கண் போய்விட்டது. வலக்கண் ஒன்றை வைத்து எல்லா வேலையும் செய்துகொண்டிருந்தார். ஒரு முறை தாய் வீட்டுக்கு அறுவடைக்குப் போனபோது, சூடடிக்கும் களத்தில் ஒரு நெற்சுணை அந்த ஒற்றைக் கண்ணையும் கீறிவிட்டது. தாய்ப்பால் விட்டார்கள். பிறகு ஏதோ இலைச்சாறு விட்டார்கள். பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கண்ணில் பூ விழுந்திருந்தது. கருவிழியின்மேல் தேங்காய்ப்பால் ஊற்றியது போல வெள்ளை. வெளிச்சம் தெரியும். ஆள் நின்றால் நிழல் போலத் தெரியும். அவ்வளவுதான்.

கூப்பன் அரிசியில் கல் அதிகம். அக்கா சுளகை மடியில் வைத்து விரலால் தடவித் தடவிக் கல் பொறுக்குவார். சின்னக் கல்லையும் அரிசியையும் விரல் பிரித்துக் காட்டாது. அவருடைய கணவர் சாப்பிடும்போது பல்லில் கல் கடிபடுகிற சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் கேட்கும். அந்த மனிதர் ஒன்றும் சொல்லமாட்டார். சொல்வது மாமியார். கண் தெரியாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கொண்டுபோய்த் தாய் வீட்டில் விடு என்று அக்காவின் காதுபடவே சொல்லுவார்.

அக்காவைக் கண் டொக்டரிடம் கூட்டிப் போனது நான்தான். கண்ணுக்கு உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, மேலே உள்ள கண்ணாடி போன்ற பகுதிதான் கெட்டுவிட்டது என்றார் அவர். செத்துப்போன ஒருவருடைய கண்ணிலிருந்து அந்தப் பகுதியை எடுத்து வைத்துத் தைத்தால் பார்வை வரலாம், கொழும்பில் செய்கிறார்கள். ஆனால் காத்திருப்பவர்கள் கன பேர், கொடுப்பவர்கள் மிகக் கொஞ்சம். நம்முடைய ஊரிலிருந்து ஒரு சோடிக் கண் போனால், நம்முடைய ஆளையும் கவனிக்கச் சொல்லித் தான் கடிதம் எழுதலாம், உறுதி மட்டும் சொல்லமுடியாது என்றார். உயிர் போய் ஆறு மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும், ஐஸில் வைத்து ரயிலில் அனுப்ப வேண்டும். இந்த ஊரில் மீனுக்கு இருக்கிற ஐஸ் போதும், கண்தான் இல்லை என்று சிரித்தார்.

டொக்டர் சொல்லாத உறுதியை நான் சொன்னேன். திரும்பி வரும் வழியில், கடையில் நூல்பந்து வாங்கிக் கொடுக்கிறவள் போல, "நான் எடுத்துத் தாறன் அக்கா" என்றேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஆஸ்பத்திரியில் கண்தானப் படிவங்கள் கட்டாகக் கிடந்தன. எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். விளக்கிச் சொல்லாமல் இல்லை. ஆனால் நான் நீட்டிய கடதாசியில் விரல் வைப்பது எங்கள் சனத்துக்குப் பழகிப்போன விஷயம். கேட்டு யோசித்து ஓம் என்றவர்கள் எத்தனை பேர், என் முகத்துக்காக ஓம் என்றவர்கள் எத்தனை பேர் என்று நான் பார்க்கவில்லை. வலை பின்னுகிற கிழவர் ஒருவர் விரலை வைத்து, மையைத் தலைமயிரில் துடைத்துவிட்டுத்தான் கேட்டார்.

"இது அரிசிக்கே, மாவுக்கே பிள்ளை?"

"கண்ணுக்கு அப்பு."

"அப்ப மூக்குக்கு எப்ப வருவாய்?"

எல்லாரும் சிரித்தோம். நான் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

கொஞ்சம் யோசித்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கண்ணை எடுத்தால் முகம் என்னமாதிரி இருக்கும்? என்னிடம் பதில் தயாராக இருந்தது. உள்ளே பஞ்சு வைத்து இமையை மூடிவிடுவார்கள், நித்திரை கொள்வது போலத்தான் இருக்கும், பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. டொக்டர் சொன்னதை நான் அப்படியே சொன்னேன். நான் பார்த்ததில்லை.

முப்பத்தொரு பேர் விரல் வைத்தார்கள். முப்பத்திரண்டாவது ஆள் அப்பா. நான் அவரிடம் கேட்கவில்லை. ஒரு பின்னேரம் அவராக வந்து என் மைப்பெட்டிக்கு முன்னால் குந்தினார். அம்மா கடைக்குப் போயிருந்தார். அக்கா எங்கள் குசினி வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு எழுத்தும் படிக்காத கண்" என்றார் அப்பா. "புதுசு மாதிரித்தான் கிடக்கு. ஆரும் கொண்டுபோய்ப் படிக்கட்டும்."

அக்கா சிரித்துக்கொண்டு, "எனக்குத் தந்தால் நான் எங்க மாமா படிக்கிறது, கல்லுத்தான் பொறுக்குவன்" என்றார்.

"மூதூர் லாஞ்சியில நிக்கிறவனையே தெரியிற கண்ணுக்குக் கல்லுத் தெரியாதே?"

அப்பாவின் படிவத்தை மட்டும் நான் ஆஸ்பத்திரிக் கட்டோடு சேர்க்கவில்லை. என்னுடைய பரீட்சைச் சான்றிதழ்களோடு அலுமாரியில் வைத்தேன். அதுவும் ஒரு சான்றிதழ் போலத்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து அந்த வலை பின்னுகிற கிழவர் செத்துப்போனார். செய்தி கேட்ட உடனே டொக்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். கிழவரின் மகள் வாசலை மறித்து நின்றார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஐயா ஒன்றும் சொல்லவில்லை, எங்களுக்கு ஒன்றும் தெரியாது, கண் இல்லாமல் அனுப்பினால் அடுத்த பிறப்பில் குருடாய்ப் பிறப்பார் என்றார். நான் படிவத்தை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. பார்த்தாலும் வாசிக்கத் தெரியாது.

அப்போது நான் சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. ஏனென்றால் பிறகு பல நாள் அதை நானே மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

"படிக்காத சனத்துக்கு என்னத்தைச் சொல்லி விளங்கப்படுத்திறது? உயிரோட இருக்கிறவை குருடாய்த் திரியட்டும், சாம்பலாப் போறவருக்குக் கண் வேணும்."

செத்த வீட்டு முற்றத்தில், அத்தனை பேர் முன்னால் சொன்னேன். மகள் உள்ளே போய்த் தகப்பனின் தலைமாட்டில் இருந்துவிட்டார். டொக்டர் மெதுவாக, வாங்க போவம் என்றார். வழியில் என்னை மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். வீட்டு ஆட்களோடு முன்னமே கதைத்தீர்களா என்று மட்டும் கேட்டார். படிவம் இருக்கிறதே என்றேன்.

அந்த வருடக் கடைசியில் அப்பா போனார். இரண்டு நாளாக நெஞ்சு நோகிறது என்றார். வாயு என்று இஞ்சி இடித்துக் குடித்தார். சனிக்கிழமை காலை, நான் வீட்டில் நின்ற நாள், கதிரையில் இருந்தபடியே ஒரு பக்கம் சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்கு, உயிர் போய்விட்டது என்று பார்த்த உடனே தெரிந்தது. கண் பாதி திறந்திருந்தது. நான்தான் மூடினேன். இமை இன்னும் சூடாக இருந்தது.

மூடிய கையோடு மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்தேகால். அப்படியென்றால் நாலேகால் வரைக்கும் நேரம் இருக்கிறது. அழுகைக்கு முன்னாலேயே அந்த எண்ணம் வந்தது. ஆகவே மறந்துபோனேன் என்று என்னால் சொல்ல ஏலாது.

அதற்கு அடுத்த எண்ணம் படம்.

எங்கள் பக்கம் செத்த வீட்டில் படம் எடுப்பார்கள். பெட்டியைத் தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி வைத்து, சொந்தபந்தம் சுற்றி நிற்க, ஸ்ரூடியோக்காரர் வந்து எடுப்பார். வசதியான வீட்டு வழக்கம் அது. எங்கள் வரிசையில் அதுவரை ஆரும் எடுத்ததில்லை. என்னோடு வேலை செய்தவர்களின் வீடுகளில் முன்னறைச் சுவரில் தகப்பன்மாரின் படங்கள் தொங்கும். கோட்டுப் போட்ட தகப்பன், வேட்டி சால்வையோடு இருக்கும் தகப்பன். என் அப்பாவுக்கு அடையாள அட்டையில் ஒட்டிய படத்தைத் தவிர வேறு படம் இல்லை. அந்த அட்டையையும் மரணத்தைப் பதியும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது அவரை ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப் போயிருக்கலாம். மூட்டை தூக்கிக் காய்த்த தோளும் இடுப்பில் சாரமுமாக அவரைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடக்க எனக்கு வெட்கம். நல்ல வேட்டி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

இனி ஒரே ஒரு படம்தான் மிச்சம். அதில் அப்பாவின் முகம் குழிவிழுந்து போயிருக்குமோ என்று பயந்தேன். பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது என்று முப்பத்தொரு பேருக்குச் சொன்னவள், ஒரு நொடிகூட அதை நம்பவில்லை.

அக்காவின் கணவரைச் சைக்கிளில் ஸ்ரூடியோவுக்கு அனுப்பினேன். போகிற வழியில்தான் ஆஸ்பத்திரி வாசல். அவர் சைக்கிளை எடுத்துத் தள்ளும்போது அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். நான் அப்பாவின் தலையை வாரிக்கொண்டிருந்தேன். அக்கா மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"தங்கச்சி, இவர் அந்தப் பக்கம்தானே போறார். ஆஸ்பத்திரிக்கும் சொல்லிவிடட்டே?"

எனக்கு விளங்கியது. விளங்காதவள் போலச் சொன்னேன்.

"செத்தவருக்கு என்னத்துக்கு அக்கா ஆஸ்பத்திரி?"

அக்காவின் முகம் என்னை நோக்கித் திரும்பியபடி இருந்தது. அந்த வெள்ளைக் கண்ணால் என்னைப் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான்தான் குனிந்தேன்.

"ஓம்" என்றார். "ஓம், அதுதானே."

பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் தன் குசினி வாசலுக்குப் போய், வந்த சனத்துக்குச் சமைக்க வைத்திருந்த அரிசியைச் சுளகில் கொட்டிக் கல் பொறுக்கத் தொடங்கினார். ஆரோ ஒரு பெண் சுளகை வாங்கப் போனார். பரவாயில்லை, பழக்கம்தான் என்று கொடுக்க மறுத்துவிட்டார்.

ஸ்ரூடியோக்காரர் இரண்டரை மணிக்கு வந்தார். அப்பாவுக்குக் கடனாக வாங்கிய புது வேட்டி கட்டியிருந்தோம். நெற்றியில் திருநீறு. எல்லாரையும் நான்தான் வரிசைப்படுத்தினேன். அக்காவையும் வந்து நிற்கச் சொன்னேன். படம் எடுத்து முடிய மூன்று மணி.

நாலேகாலுக்கு இன்னும் நேரம் இருந்தது. இதை நான் ஆருக்கும் சொன்னதில்லை. படத்துக்காகத்தான் என்றால் படம் முடிந்துவிட்டதே. ஆள் அனுப்பியிருக்கலாம். அனுப்பலாம் என்று எழும்பியும் விட்டேன். அப்போதுதான் வலை பின்னுகிற கிழவரின் மகள் உள்ளே வந்தார். பெட்டிக்குக் கிட்டப் போய் அப்பாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவினார்.

"கொப்பர் வடிவாய்க் கிடக்கிறார் பிள்ளை. ஒரு குறையும் இல்லை."

குத்திச் சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இப்போது டொக்டரை அழைத்தால், இவ்வளவு நேரம் எதற்காகக் காத்திருந்தேன் என்பது அந்த மகளுக்கு விளங்கிவிடும் என்று நினைத்தேன். ஆகவே திரும்ப இருந்துவிட்டேன். நாலேகால் ஆனபோது அம்மாவின் தோளில் சாய்ந்து பெரிய சத்தமாக அழுதேன். அதுவரை அப்படி அழவில்லை. தகப்பனுக்காக எப்படி அழுகிறாள் பாருங்கள் என்று ஆரோ சொன்னது காதில் விழுந்தது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து எல்லாரும் போன பிறகு, அலுமாரியில் எதையோ தேடிய அம்மா ஊதா விரலடையாளம் வைத்த அந்தக் கடதாசியை எடுத்தார். வாசிக்கத் தெரியாது. ஆனால் என்னவென்று தெரிந்திருந்தது.

"இது கண்ணுக்கு வைச்சதுதானே?" என்று கேட்டார்.

நான் பாயைச் சுருட்டத் தொடங்கினேன்.

"எனக்கும் சொன்னவர். ஓம் எண்டனான். அண்டைக்கு முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தனான், நீ ஆளனுப்புவாய் எண்டு. நீ படிச்சனீ, உனக்கு நேரங்காலம் தெரியும் எண்டு இருந்திட்டன்."

ஏசவில்லை. கடதாசியை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார். அம்மா மறுப்பார், சொந்தக்காரர் சண்டைக்கு வருவார்கள் என்று நான் மனதுக்குள் கட்டி வைத்திருந்ததெல்லாம் அதோடு போயிற்று. ஒருவரும் மறுக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

தைப்பொங்கலுக்கு முன்னர், மாமியார் சொன்னபடியே, அக்காவைக் கிளிவெட்டிக்குத் தாய் வீட்டோடு அனுப்பினார்கள். மூதூர் லாஞ்சி வரைக்கும் நானும் போனேன். அக்காவின் கணவர் உடுப்புப் பெட்டியை ஏற்றப் போயிருந்தார். அக்கா என் கையைத் தேடிப் பிடித்தார்.

"படம் வந்திட்டுதே தங்கச்சி?"

"வந்திட்டுது அக்கா."

"மாமா வடிவா விழுந்திருக்கிறாரே?"

"ஓம்."

"அது நல்லது" என்றார்.

இப்போதும் நான் படிவங்களோடு போகிறேன். முதல் நாள் மைப்பெட்டியைக் கொண்டு போவதில்லை. முதலில் குசினி வாசலில் இருந்து மனைவியோடும் மகளோடும் மருமகளோடும் கதைக்கிறேன். அவர்கள் ஓம் என்றால்தான் விரல் வைக்க வேண்டியவரிடம் போகிறேன். கண் கொடுப்பது செத்தவர் அல்ல, அந்த ஆறு மணித்தியாலமும் தலைமாட்டில் இருக்கிறவர். அவர் படித்தவரா படிக்காதவரா என்பது பெரிய விஷயமில்லை. அழுகிற வீட்டில் அவராக வாய் திறக்கமாட்டார். கேட்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டும். சைக்கிளில் போய்ச் சொல்வது ஆர் என்று உயிரோடு இருக்கும்போதே பேசி வைக்க வேண்டும். இதையெல்லாம் டொக்டரிடம் சொன்னேன். நல்ல யோசனை, எப்படித் தோன்றியது என்று கேட்டார். சும்மா தோன்றியது என்றேன். இதுவரை இரண்டு வீட்டார் கொடுத்திருக்கிறார்கள். விரல் வைத்தவர்களின் தொகை முன்பைவிடக் குறைவு.

அந்த இரண்டு சோடிக் கண்களும் கொழும்பில் ஆருக்குப் போயின என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கு இல்லை. டொக்டர் அவருக்காகவும் கொழும்புக்குக் கடிதம் எழுதினார், பதில் இன்னும் வரவில்லை. நானும் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். அதை அவருக்கு வேறு ஆரோ வாசித்துக் காட்ட வேண்டும். ஆர் வாசிப்பார்கள், எந்தக் குரலில் வாசிப்பார்கள் என்று நினைத்ததும் நிறுத்திவிட்டேன். கிளிவெட்டி தூரமில்லை. காலை லாஞ்சியில் போனால் மத்தியானத்துக்கு முன் போய்விடலாம். இரண்டு வருடமாகப் போகவில்லை.

படம் எங்கள் முன்னறைச் சுவரில் தொங்குகிறது. நான் ஆசைப்பட்டபடி சட்டம் போட்ட படம். இருபதுக்கு மேற்பட்டவர்கள் அதற்குள் நிற்பதால் அப்பாவின் முகம் என் பெருவிரல் நகத்தளவுதான் இருக்கிறது. கண்கள் மூடியிருக்கின்றன. இமைக்குக் கீழே கண் இருக்கிறதா, பஞ்சு இருக்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்தாலும் தெரியாது. நித்திரை கொள்வது போலத்தான் இருக்கிறார்.

மற்றவர்கள் எல்லாரும் கமெராவைப் பார்க்கிறார்கள். கடைசியில் நிற்கிற அக்கா மட்டும் வேறு பக்கம் பார்க்கிறார். ஸ்ரூடியோக்காரர் எங்கே நிற்கிறார் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.